பங்குக் கிணற்றில் கட்டிய மலிவுப் பை

ஒரு துணிப்பை பதினொரு மீன்களைக் கொன்றுவிட்டது என்று நான் நம்பினேன். அரைகுறையாக அல்ல, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கிற அளவுக்கு நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. மற்றவர்களின் பயத்தைக் கேலி செய்தே வேலை செய்கிற கந்தோரில் பெயர் எடுத்தவன். பாம்பு என்று யாராவது கத்தினால், "அடையாள அட்டை கேட்டுப் பாருங்கோ" என்று சொல்லுகிற ஆள். அப்படிப்பட்டவன் ஒரு முழ நீளத் துணிப்பையை வெற்றுச் சீமெந்துப் பையில் சுற்றி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து, அதன்மேல் இரண்டு கூரை ஓடுகளையும் தூக்கி வைத்தேன். ஓடு எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை. பை எழும்பி நடந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. இணுவிலில் அது புதினமில்லை. காணி உறுதியிலேயே 'கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்காலும்' என்று எழுதியிருக்கும். மூன்று பங்கில் ஒன்று எனக்கு, ஒன்று இளைப்பாறிய ரீச்சருக்கு, மற்றது பின்வளவில் வெங்காயம் செய்கிற அண்ணைக்கு. ரீச்சர் குடிப்பதற்குக் கானில் தண்ணீர் வாங்குவார். எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, எங்காவது போய் அள்ளி வரலாம். அண்ணை வீட்டில் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிணறுதான். இதை நான் முதலே அறிவேன் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தெரியாது என்று நான் தப்பக்கூடாது.

அந்த மாரி கொஞ்சம் கடுமையாகப் பெய்தது. கிணற்றுக் கட்டில் இருந்த வெடிப்பு வழியாகச் செம்மண் தண்ணீர் உள்ளே இறங்கி, கிணறு முழுக்கப் பால் விட்ட தேத்தண்ணி நிறம். மாரியில் கிணற்றை இறைத்து வற்றவைக்க முடியாது. இறைக்க இறைக்க ஊறும். சில வேளை பக்கச் சுவரும் சேர்ந்து உள்ளே வரும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை எடுப்பது, குழாய் வாயில் ஒரு வடிபை கட்டுவது, வடிந்த தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விடுவது. நாள் முழுக்க ஓடவிட்டால் மண் பையில், தெளிவு கிணற்றில். ரீச்சரும் அண்ணையும் தலையாட்டினார்கள். பை வாங்குகிற பொறுப்பு என்னிடம் வந்தது. யோசனை சொன்னவனுக்குத்தான் எங்கள் ஊரில் எப்போதும் அந்தத் தண்டனை.

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை. கடைக்காரர் மூன்று பைகளை மேசையில் போட்டார். முதலாவது கம்பளிபோலத் தடித்த வெள்ளைப் பை, வாயில் இரும்பு வளையம். குழந்தையை வைத்துத் தூக்கலாம். இரண்டாவது நைலோன் வலை. அதற்குள்ளால் கடைக்காரரின் முகம் தெரிந்தது. மூன்றாவது வேட்டித்துணி போன்ற ஒன்றை இரட்டையாக மடித்துத் தைத்து, வாயில் கயிறு கோத்தது.

"இதின்ரை கண் அஞ்சு மைக்ரோன். வலை நூறுக்கு மேலை" என்றார்.

"உதுக்கு?" மூன்றாவதைக் காட்டினேன்.

"உதுக்கு மைக்ரோன் இல்லை ஐயா. உது துணி."

"செம்மண் நிக்குமோ?"

"நிக்கும். முதல் பையிலை இன்னும் நல்லா நிக்கும், தண்ணியும் சேர்ந்து நிக்கும். பத்து நிமிசத்துக்கொருக்காக் கழட்டிக் கழுவோணும்."

"பிறகேன் அது விலை கூட?"

"வளையம் கிடக்கெல்லோ."

இப்படி உண்மை பேசுகிற வியாபாரியை நான் அதற்கு முன் கண்டதில்லை. துணிப்பையையே எடுத்தேன். அவர் அதைச் சுற்றித் தரும்போது, "ஒரு நாள் ஊறப்போட்டுக் கசக்கிக் கட்டுங்கோ. புதுத்துணியிலை கஞ்சி இருக்கும், மணமும் வரும்" என்றார். ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன். ஊறப்போடவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, யோசனைக்காரனுக்கு அவசரம்.

இதுவரை பிழை சிறிது. அடுத்த பிழையைக் கிணற்றடியில் செய்தேன். பைக்காக மூவரும் போட்ட காசில் மிச்சத்தை ரீச்சரிடமும் அண்ணையிடமும் கொடுத்தபோது ரீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"என்ன, இவ்வளவு மலிவாய் வந்திட்டுது? ஏதும் பழந்துணியோ?"

"சீ ரீச்சர், கொம்பனிச் சாமான். அஞ்சு மைக்ரோன். கதைச்சுக் கதைச்சு விலையைக் குறைச்சுப்போட்டன்."

காசில் நான் நேர்மையானவன். பொய் சொன்னது மைக்ரோனில் மட்டும்.

பை நன்றாகத்தான் வேலை செய்தது. குழாய் வாயில் கட்டி மோட்டாரைப் போட்டதும் பூசணிக்காய்போல ஊதியது. அரைமணித்தியாலத்துக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு பிடி செஞ்சேறு. மூன்று பேரும் சுற்றி நின்று அந்தச் சேற்றை, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். அண்ணை அன்று காலை வெங்காயத்துக்கு மருந்து அடித்துவிட்டு, வழமைபோலத் கிணற்றுத் தொட்டியடியில், முதுகில் மாட்டுகிற மருந்துத் தாங்கியைக் கழுவி வைத்திருந்தார். அந்தத் தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போய்விடும். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மூளை எண்டால் உம்மடை மூளைதான் தம்பி. நாங்கள் மண்ணைக் கிண்டினது போதும், நீர் மண்ணை வடிக்கிறீர்."

பொழுதுபடும்வரை ஓடியது. நிறம் பாதி குறைந்தது. உள்ளே போய் மனைவியிடம், "இன்னும் முழுக்கத் தெளியேல்லை. தண்ணியிலை ஒரு மாதிரி மணமும் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். மணம் பையின் கஞ்சி மணம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் விடிய முதல் பஸ்ஸில் வட்டுக்கோட்டைக்குப் போய்விட்டார். அவருடைய அக்காவுக்குக் கண் ஒப்பரேஷன், வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்.

திங்கள் காலை ரீச்சரின் குரல் கேட்டுத்தான் எழும்பினேன்.

எங்கள் கிணற்றில் கப்பி என்கிற சின்ன மீன்கள் இருந்தன. தண்ணீரில் நெளிகிற நுளம்புக் குடம்பியைத் தின்னவென்று சுகாதாரப் பகுதியினர் விட்டவை. ரீச்சர் ஒவ்வொரு காலையும் பாண் துகள் போட்டு அவற்றோடு கதைப்பார். எட்டிப் பார்த்தேன். பதினொரு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பெரிய அழிவென்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மேசைக்கரண்டி நிறையாது. ஆனால் எனக்கு உடனே பைதான் ஞாபகம் வந்தது. ஊறப்போடாத பை. கஞ்சி. கஞ்சியில் என்ன கலக்கிறார்களோ. துணி எந்தத் தொழிற்சாலையில் கிடந்ததோ. மூன்று வீட்டுக் கிணற்றுக்கு நான் நஞ்சு வைத்துவிட்டேன்.

"தண்ணியிலை ஏதோ மணக்குது" என்றார் ரீச்சர். "உந்தப் பையாலை ஏதுமோ?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட இருந்திருக்காது. அந்த நேரத்துக்குள் நான் ஒரு மனிதனை விற்றேன்.

"பை கொம்பனிச் சாமான் ரீச்சர். நேற்று அண்ணை மருந்துத் தாங்கி கழுவினவரெல்லோ… நான் ஒண்டும் சொல்லேல்லை. கிணத்துக் கட்டிலையும் வெடிப்புக் கிடக்கு."

'நான் ஒண்டும் சொல்லேல்லை' என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லுகிற இந்த வித்தையில் நாங்கள் கெட்டிக்காரர்.

"மருந்து மணம்தான்" என்றார் ரீச்சர் உடனே. நானும் குனிந்து மணந்து பார்த்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: எனக்கும் மருந்துதான் மணந்தது. ஒருவர் பெயர் வைத்துவிட்டால் மூக்கு அதையே பிடித்துக்கொள்கிறது.

ரீச்சர் நேரே வேலியடிக்குப் போய் அண்ணையைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் பத்தடி பின்னால் நின்று, செருப்பில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சேறு அதில் இருக்கவில்லை. அண்ணை வந்து கிணற்றுக்குள் பார்த்தார். சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

"நான் தொட்டியடியிலைதான் கழுவினனான்" என்றார். "தண்ணி வாழைக்குத்தான் போறது. ஆனால் வெடிப்பு இருக்குத்தானே. ஆர் கண்டது. ஊறித்தான் இருக்கும்."

"உந்தத் தாங்கி இனிக் கிணத்தடிக்கு வரக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார் ரீச்சர்.

"வராது ரீச்சர்."

தாங்கி மட்டுமல்ல, அவரும் வரவில்லை. யாரும் அவரைக் கிணற்றுக்கு வராதே என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவரும் அவருடைய மனைவியும் சைக்கிளில் இரண்டு கானைக் கட்டிக்கொண்டு கோயில் பக்கத்துக் கிணற்றுக்குப் போய் அள்ளி வந்தார்கள். அண்ணையின் மனைவிக்கு முழங்கால் வருத்தம். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அண்ணை பின்னால் கானைத் தாங்குவார். எங்கள் படலையைத் தாண்டும்போது இருவரும் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. சொந்தப் பங்கு இருக்கிற கிணற்றடியால் அந்நியர்போல நடந்து போனார்கள்.

நானோ பையைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வீட்டுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. எப்போதும் வெள்ளையா, திங்கட்கிழமையிலிருந்து வெள்ளையா என்று சொல்ல முடியவில்லை. ஐம்பத்தொரு வருஷமாக நாக்கை ஒழுங்காகப் பார்க்காமல் விட்டதற்காக என்னை நானே திட்டினேன். கந்தோரில் பக்கத்து மேசைக்காரர், "என்ன, பகிடியையும் காணேல்லை, ஆளையும் காணேல்லை" என்றார். வயிறு சரியில்லை என்றேன். சொன்ன உடனே வயிறும் கடித்தது. மனைவி போன் எடுத்துக் கிணறு தெளிந்ததா என்று கேட்டபோது, தெளிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். மீன் கதையைச் சொன்னால் பைக் கதை வரும், பைக் கதை வந்தால் மைக்ரோன் வரும்.

புதன்கிழமை எனக்குள் ஒரு விஞ்ஞானி எழும்பினான். மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு, ரோட்டோர வாய்க்காலில் மனைவியின் தேத்தண்ணி வடியால் இரண்டு கப்பி மீன் பிடித்தேன். அந்த வழியால் போன ஒருவர், "குழம்புக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிணற்றுத் தண்ணீரைத் தொடப் பயம். பீப்பாவில் பிடித்த மழைத் தண்ணீரை வாளியில் ஊற்றி, ஓடுகளைத் தூக்கிப் பையை எடுத்து அதற்குள் அமுக்கி, மீன்களையும் விட்டேன். வாளிக்கு முன்னால் ஒரு மர வாங்கைப் போட்டு அதில் குந்தியிருந்தேன். நோயாளியின் கட்டிலடியில்கூட நான் அப்படி இருந்ததில்லை.

மீன்கள் சாகவில்லை. பையின் மடிப்புக்குள் புகுந்து எதையோ கொத்தித் தின்றன. வியாழன் காலையும் உயிரோடிருந்தன. பின்னேரம் கொஞ்சம் கொழுத்தமாதிரியும் தெரிந்தது. ஆக, பை குற்றமற்றது. மலிவுப் பை, மைக்ரோன் இல்லாத பை, பாவம், ஒன்றும் செய்யவில்லை.

சந்தோசத்தில் விசிலடித்துக்கொண்டு பீப்பா மழைத் தண்ணீரில் குளித்தேன். தலையைத் துவட்டும்போதுதான் அந்தச் சந்தோசத்தின் அர்த்தம் விளங்கியது. பை இல்லையென்றால் அண்ணையின் மருந்துதான். நான் பொய்யாகச் சொன்னது உண்மையாகிவிட்டது, அதற்குத்தான் விசில். ஒரு மனிதன் உண்மையாகவே குற்றவாளியாக இருக்கவேண்டும் என்று வாளிக்கு முன்னால் இருந்து ஆசைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பின்னேரம் வேலியடிக்குப் போனேன். வானம் நாலைந்து நாளாக மப்பும் தூறலும். வெங்காயத்துக்குக் கூடாத காலம். இடைவிடாமல் மருந்து அடிக்காவிட்டால் இலையில் நோய் பிடித்துவிடும். பாத்திகளைப் பார்த்தேன். தாள்களின் நுனி கருகி, பல பாத்திகளில் மடிந்து கிடந்தன. அண்ணை நடுவில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, மருந்து அடிக்கேல்லையோ?"

"எங்கை கொண்டுபோய்க் கழுவிறது தம்பி?"

"கோயில் கிணத்தடியிலை…"

"அங்கையும் மீன் நிக்குது" என்றார்.

மருந்துத் தாங்கி கொட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வேறிடத்தில் கழுவித் தருகிறேன், தாங்கியைத் தாங்கோ என்றாவது சொல்லியிருக்கலாம். "உந்த மழை விட்டால் சரியாகும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மழையைச் சாட்டினேன். சாட்ட ஆளில்லாத இடத்தில் மழையும் ஒரு ஆள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவி வந்தார். பயணப் பையை வைக்கமுதலே தேத்தண்ணி வடியைத் தேடினார். அது கோழிக்கூட்டடியில் கிடப்பதைக் கண்டார். வாளியையும் மீன்களையும் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, என்ன நடக்குது இஞ்சை?"

சொன்னேன். மீன் செத்தது, ரீச்சர் வந்தது, அண்ணை கோயில் கிணற்றுக்குப் போவது, நான் சொன்ன வார்த்தை உட்பட எல்லாவற்றையும். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு குசினி வாசல்படியில் இருந்துவிட்டார்.

"குளோரின் போட்டால் மீன் சாகாமல் என்ன செய்யும்?"

"ஆர் போட்டது?"

"நான்தான். நீங்கள் கந்தோருக்குப் போயிருக்கேக்கை சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. வந்து ஒரு பக்கெற் தந்திட்டுப் போனவர். கலங்கல் குறைஞ்ச பிறகு போடச் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தானே வந்து தண்ணி மணக்குது எண்டு சொன்னனீங்கள். அதுதான் நீங்கள் குளிக்கேக்கை கொண்டுபோய்ப் போட்டன். பயண அவசரத்திலை சொல்ல மறந்திட்டன்."

"எவ்வளவு?"

"அளவு சொன்னவர். ஞாபகம் வரேல்லை. முழுக்கப் போட்டன்."

எங்கள் ஆட்களுக்குக் குளோரின் மணம் தெரியாதா? அந்த மணத்துக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் நான் மருந்து என்று சொல்லிவிட்டேன், நாலு நாள் எல்லோருக்கும் மருந்தே மணந்தது.

மனைவி, "வாங்கோ" என்று எழும்பினார். "நான் சொல்லுறன். ஆனால் உங்கடை பங்கை நீங்கள்தான் சொல்லோணும்."

ரீச்சரைக் கூட்டிக்கொண்டு மூவரும் அண்ணையின் வளவுக்குப் போனோம். மனைவி குளோரினைச் சொன்னார். நான் பையைச் சொன்னேன், ஊறப்போடாததைச் சொன்னேன்.

"அஞ்சு மைக்ரோன் எண்டீர்?" என்றார் ரீச்சர்.

"அது துணி ரீச்சர்."

"பள்ளிக்கூடத்திலை உம்மைப்போலை நாலு பேரைப் படிப்பிச்சனான். ஒருத்தரும் திருந்தேல்லை."

அண்ணை சிரிக்கவில்லை. அவருக்கு ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

"அப்ப என்ரை மருந்து இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும். குளோரின்தான்."

அவருடைய மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கானில் அள்ளிவந்த தண்ணீர் வாசலில் இருந்தது. மிச்சத்தையும் சொன்னேன். சொல்லும்போது பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

"அண்ணை, தாங்கி கழுவினதாலைதான் எண்டு முதல் சொன்னது நான். என்ரை பைப் பிழையை மறைக்கத்தான் அப்பிடிச் சொன்னனான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரீச்சர்தான் சொன்னது எண்டெல்லோ நான் நினைச்சிருந்தன்" என்றார்.

கொட்டிலடிக்குப் போய்த் தாங்கியை நிமிர்த்தி, உள்ளே விழுந்திருந்த சருகைத் தட்டிவிட்டு, எங்களைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் எடுத்து, மருந்து கலந்து, இருட்டுமுன் எல்லாப் பாத்திக்கும் அடித்து முடித்தார். கடைசியில் பதினாறு பாத்தியில் ஐந்துதான் தப்பியது.